ஏழு மெகாஹெர்ட்ஸ்

டேப் ரெக்கார்டரின் பொத்தானை அமுக்கிவிட்டுத் துளசிமணி கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, மடியில் வைத்தாள், பிறகு மேஜை விளிம்பில் வைத்தாள். முதலில் வெறும் நாடாவின் சரசரப்பு, அப்புறம் அந்தக் கீச்சுக்குரல், நீளமாக, ஒரே சுருதியில், காதுக்குள் நூல் கோத்து இழுப்பதுபோல. பக்கத்து நாற்காலியில் இருந்த பிலோமினா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இதேதான். எங்க மருமகன் அவரோட கம்ப்யூட்டர்ல போட்டப்பவும் இப்படித்தான் கத்துச்சு. டேப்பு போயிருச்சு அத்தை, இனி இதுல ஒண்ணும் வராதுன்னுட்டார்" என்றாள். துளசிமணி "ம்" என்றாள். டேப் போகவில்லை. போகவில்லை என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், முப்பத்தேழு வருஷமாகத் தெரியும், அதைச் சொல்ல வேண்டிய வேளை இப்போது பார்த்துச் சிங்காநல்லூரில் அவள் வீட்டு முன்னறையில், காலை பதினோரு மணி வெயிலில், ஒரு தட்டு முறுக்குக்கும் ஆறிப்போன இரண்டு டம்ளர் காப்பிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பழைய டிவியின் முன்னால் மூடி கழற்றிய நிலையில் கிடந்தது அந்தக் கறுப்புக் கம்ப்யூட்டர். ஒரு கணக்கு நோட்டைவிடப் பெரிதில்லை. அழிரப்பர் மாதிரியான பொத்தான்கள், உள்ளே ஒரே ஒரு பச்சைப் பலகை. பாவம், அதற்கு எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாது, கரண்டை நிறுத்தினால் எல்லாம் மறந்துவிடும். எழுதியதையெல்லாம் சத்தமாக்கிக் கேசட்டில் பிடித்துவைத்து, வேண்டும்போது அந்தச் சத்தத்தை அதன் காதில் திரும்ப ஊத வேண்டும். மனுஷர்களுக்கும் அப்படி இருந்திருந்தால், கரண்டை ஒருதரம் நிறுத்திப் போட்டால் போயிருந்தால். போகவில்லையே.

டிவியின் ஓரங்களில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் ஓடின, ஒரு கணம் நின்றன, கறுப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் 'பஸ்' என்ற மூன்றெழுத்து வந்து உட்கார்ந்தது. பிலோமினா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "துளசி, பேரு வந்துருச்சு. இதுவரைக்கும் பேருகூட வந்ததில்லைடி." அவள் கை அனிச்சையாகக் கழுத்துக்குப் போய் ஜெபமாலையை எடுத்தது. "மூணரை நிமிஷம். அப்பவெல்லாம் நான் ஒரு பத்து மணி சொல்லி முடிக்கறதுக்கும் இது வர்றதுக்கும் சரியா இருக்கும், ஞாபகமிருக்கா?" "இருக்குது" என்றாள் துளசிமணி. "இப்பவும் மூணரைதானே ஆகும்?" "ஆகும்." சொல்லிவிட்டாள். எதற்காகச் சொன்னாள். ரெண்டரை நிமிஷம்தான் ஆகும் என்று நாக்கின் நுனிவரை வந்தது, அதற்குள் இன்னொரு பொய் குறுக்கே புகுந்து முந்திக்கொண்டது, முப்பத்தேழு வருஷப் பழக்கம், வழி தெரிந்த மாடு கயிறில்லாமலே தொழுவத்துக்குப் போகிற மாதிரி. பிலோமினா கண்ணை மூடி முதல் மணியைப் பிடித்தாள். உதடு மட்டும் அசைந்தது. மூணரை நிமிஷத்துக்குப் பத்து மணி என்றால் ரெண்டரை நிமிஷத்துக்கு எத்தனை. ஏழு. ஏழாவது மணியில் இது முடிந்துவிடும். பிலோமினா கணக்கில் தப்புகிறவள் இல்லை, பாலிடெக்னிக்கில் அவள் ஜெபம் சொல்லியே நேரம் பார்ப்பாள், கடிகாரம் வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், ஐந்து நொடிகூட முன்பின் இருக்காது.

பஹ்ரைனில் இருந்த சவரிமுத்துச் சித்தப்பா அந்த வருஷம் லீவில் வந்தபோது கொண்டுவந்தது இது. பிலோமினாவுக்குச் சித்தப்பா, துளசிமணிக்கும் சித்தப்பாதான், அப்படித்தான் கூப்பிட்டாள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படிக்கிற பொண்ணுக்கு நகையையா வாங்கிட்டு வருவேன் என்று சொல்லி, தெர்மாகோல் பெட்டியைப் பிரித்துக் காட்டினார். வாசனை. புது பிளாஸ்டிக்கின் அந்த வாசனையை அவள் பிறகு எதிலுமே முகர்ந்ததில்லை, வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெட்டி பெட்டியாகப் புதுச் சாமான் வந்தபோதுகூட ஒவ்வொன்றையும் மூக்கருகே வைத்துப் பார்த்திருக்கிறாள், அது இல்லை. ஆறு மாசம் உட்கார்ந்து இருவரும் ஒரு விளையாட்டு எழுதினார்கள். சிங்காநல்லூரிலிருந்து உக்கடம் போகிற டவுன் பஸ். ஓட்டுகிறவர் நீங்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆட்கள் ஏறுவார்கள், ஒருத்தரை விட்டுவிட்டாலும் மார்க் குறையும். ஆள் என்றால் எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் புள்ளி வைத்த உருவம்தான், ஆனால் பிலோமினா அந்த அறுபத்துநாலு புள்ளிக்குள் ஊரையே கொண்டுவந்துவிட்டாள். குடையை வெயிலுக்கும் மழைக்கும் விரிக்காமல் கக்கத்திலேயே வைத்திருக்கும் பிரின்சிபால், தறிப்பட்டறை முத்தண்ணன், மூன்றாவது ஸ்டாப்பில் மீன்கூடையோடு பிலோமினாவின் அம்மா. எல்லாம் சரி, பஸ்தான் நகரவில்லை. நகர்ந்தது, மூட்டுவலிக்காரர் படி ஏறுகிற மாதிரி. அப்போதுதான் கிரிஸ்டலை மாற்றலாம் என்று தோன்றியது. கம்ப்யூட்டருக்குள் தாளம் போடுகிற சின்ன வெள்ளிப் பொட்டலம் அது, அரிசிமணி மூன்றைச் சேர்த்து வைத்த அளவு. அது நொடிக்கு எத்தனை தடவை தட்டுகிறதோ அத்தனை வேகத்தில்தான் சிப் யோசிக்கும். கம்பெனிக்காரர் வைத்தது மூணரை மெகாஹெர்ட்ஸ். இருவரும் பலகையில் ஒரு கோட்டை அறுத்து, தனியாகத் தாளம் போட ஒரு குட்டிப் பலகை செய்து, ஐந்தில் ஓட்டினார்கள். யோசனை துளசிமணியுடையது, கை பிலோமினாவுடையது. சிப்பைக் கழற்றி அதன் இடத்தில், சிப்பைச் செருகி எடுக்க நாற்பது கால் சாக்கெட் ஒன்றை ஈயம் உருக்கி ஒட்டியது அவள், கிரிஸ்டலை மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கக் குட்டிச் சாக்கெட் வைத்தது அவள். துளசிமணி ஊதுவதற்கு மட்டும், ஈயப்புகை கண்ணில் படாமல் பக்கத்தில் நின்று ஊதிக்கொண்டே இருந்தாள். பிலோமினாவின் நெற்றியில் வியர்வை சேர்ந்து புருவத்தில் தங்கும், அதைத் தாவணி முனையால் ஒற்றி எடுக்க வேண்டும், அவள் கை நடுங்காமல் இருக்க நாம் மூச்சை அடக்க வேண்டும். அவ்வளவு பக்கத்தில் வேறு யாருடனும் பிறகு நின்றதுண்டா. கல்யாணமாகி முப்பது வருஷம் ஆயிற்று, யோசித்தால் இல்லை என்றுதான் வருகிறது, இதை யாரிடம் போய்ச் சொல்வது.

மூன்றாவது மணி. ஓரத்துக் கோடுகள் இப்போது நீலமும் மஞ்சளுமாக, மெலிதாக, மழை சாய்வாக விழுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்தில் பஸ் பரவாயில்லை. பரவாயில்லை என்றுதான் பிலோமினா சொன்னாள், இதுக்கு மேல வேண்டாம், சிப்பு நாலுக்குத்தான் செஞ்சது, ஐந்தே அதிகம், தொட்டுப் பார் சுடுகிறது என்றாள். பாலிடெக்னிக்கில் நடந்த எக்சிபிஷனுக்கு முதல் நாள் கம்ப்யூட்டர் துளசிமணி வீட்டில் இருந்தது, காலேஜ் பக்கம் என்பதால். சாயங்காலம் ஐந்தரை இருக்கும். பால்காரர் மணி அடித்தது நினைவிருக்கிறது, அம்மா பின்கட்டில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. பழைய சாமான் கடையில் பொறுக்கிய ஏழு மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று பென்சில் டப்பாவில் கிடந்தது, பிலோமினாவிடம் அவள் காட்டாத கிரிஸ்டல். சும்மா ஒருதரம் பார்க்கலாம் என்றுதான் செருகினாள். பஸ் பறந்தது. பறந்தது என்றால் அதுவரை படமாக இருந்த ஊர் தெருவாக ஆகிவிட்டது, வேப்பமரங்கள் பின்னால் ஓடின, ஆட்கள் ஓடிவந்து ஏறினார்கள், முத்தண்ணன் கால் வீசி நடந்தார். அவள் ஒருத்தியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வேகத்துக்கு ஏற்ப விளையாட்டைச் சரிசெய்து, புது கேசட்டில் பதிந்தாள். அதே வேகத்தில்தானே பதியும், சத்தமும் கீச்சென்று ஆகிவிட்டது, ஏழில் பதிந்ததை ஏழில்தான் படிக்க முடியும், ஐந்துக்கு அது வேற்றுப் பாஷை. அந்த மருமகன் பாவம் கம்பெனி வேகத்தில் படிக்கப் பார்த்திருப்பார். காலையில் பிலோமினாவிடம் சொல்லலாம் என்று இருந்தாள். இல்லை, சொல்லலாம் என்று இல்லை, அவள் பார்த்து அசந்துபோகட்டும், பிறகு சொல்லலாம் என்று. காலையில் பிலோமினா வேர்க்க விறுவிறுக்க வந்து, ஹாலில் டிவியில் பஸ் ஓடுவதைப் பார்த்து, "இன்னைக்கு என்னடி இப்படி ஓடுது" என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். சுற்றி இத்தனை பேர், நடுவர்கள் அடுத்த மேஜையில், சொன்னால் அவள் பயந்து கழற்றிவிடுவாள். துளசிமணி சிரித்துக்கொண்டே, "எல்லாம் உன்ற கைராசிதான்" என்றாள்.

உன்ற கைராசி. இந்த இடத்தில்தான் எப்போதும் சிக்கிக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, எக்ஸ்சேஞ்சில் கேபிளில் கையை விட்டுக்கொண்டிருக்கும்போது, எங்கிருந்தோ வந்து அந்த இரண்டு சொல்லில் மாட்டி நிற்கும், அதற்கு அப்பால் போகாது, பின்னாலும் வராது. இருபது நிமிஷம் ஓடியது. மே மாச வெயில், தகரக் கூரை ஹால். ஒரு டிவி கம்பெனியிலிருந்து வந்த நடுவர், வழுக்கைத் தலை, நல்ல மனுஷர், குனிந்து பார்த்துவிட்டு பிலோமினாவிடம் ரிசல்ட் வந்ததும் எங்க சர்வீஸ் பிரிவுக்கு வந்து பாரும்மா என்றார். அவர் அடுத்த மேஜைக்குப் போய்ப் பத்து அடிகூட ஆகவில்லை, பஸ் நின்றது. திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள், அப்புறம் வெறும் வெள்ளை, கருகிய வாடை. யாரோ சிரித்தார்கள். பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணிலிருந்து தண்ணீர் வரவில்லை, மூக்கின் நுனி மட்டும் சிவந்தது, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனாள். அவள் போய்த் திரும்பிய அந்த நேரம். எவ்வளவு இருக்கும், ஒரு நிமிஷம் இருக்குமா. துளசிமணியின் விரல் சூடான பலகைக்குள் போய் ஏழைப் பிடுங்கி, பென்சில் டப்பாவில் போட்டு, ஐந்தை எடுத்துச் செருகியது. சூட்டில் விரல் நுனி கொப்பளித்ததுகூட அப்போது தெரியவில்லை. தான் செய்ததாகவே அவளுக்கு நினைவில்லை, விரல் செய்தது, விரல் செய்ததைக் கண் பார்த்தது. பிலோமினா ஈர முகத்தோடு வந்து, பலகையைப் பார்த்து, கிரிஸ்டலைப் பார்த்து, "அஞ்சுதான் இருக்குது. அப்பறம் எப்படி" என்றாள். துளசிமணி பென்சில் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். சொல்லாமல் விட்டதே, தப்பு ஈயம் வைத்த கையில்தான் என்று சொல்லிவிட்டது.

ஐந்தாவது மணி, இல்லை ஆறு. விரல் நகர்ந்ததைப் பார்த்தாளா பார்க்கவில்லையா. பிலோமினாவின் விரல்கள் தடித்திருந்தன, மோதிரம் இறுகியிருந்தது. டிப்ளமா முடிந்ததும் அவள் அந்த டிவி கம்பெனிக்குப் போகவில்லை. அவள் அப்பா விட்டிருக்கமாட்டார், தம்பி வாங்கிவந்த சாமானைப் பாழாக்கியவளை எப்படி அனுப்புவார் என்று துளசிமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொல்லச் சொல்ல அது நடந்தது மாதிரியே ஆகிவிட்டது. பிலோமினா கல்யாணமாகித் தூத்துக்குடி போனாள், ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். துளசிமணி டெலிபோனில் சேர்ந்து முப்பது வருஷம் ஈயம் உருக்கினாள். கிறிஸ்துமஸுக்குக் கார்டு, பொங்கலுக்குக் கார்டு, பிறகு போன், பிறகு போனில் பூப்படங்கள். சித்தப்பா போன மாசம் தவறிப்போனார், அவர் பரணில் தெர்மாகோல் பெட்டிக்குள் இதுவும் கேசட்டும் இருந்தன, காரியத்துக்கு வந்த பிலோமினா மருமகனிடம் கேசட்டைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து கொடுத்தாள். "உன்னால முடியுமா துளசி. எங்கம்மா அதுல ஏறுவாங்கல்ல, மூணாவது ஸ்டாப்புல. ஒருக்கா பாக்கணும்." முடியாது என்று சொல்லியிருக்கலாம். டேப் போச்சு என்று மருமகனே சொல்லிவிட்டார், ஆமாம் போச்சு என்று ஒரு வார்த்தை, அதோடு முடிந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு வாரம் அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டே புதுச் சிப் வாங்கினாள், இப்போது வருகிற அதே வகை பத்து மெகாஹெர்ட்ஸ்வரை சூடேறாமல் பச்சைத்தண்ணியாகத் தாங்கும், இன்று காலை எட்டு மணிக்கு ஏழைச் செருகினாள். அதே ஏழை. பென்சில் டப்பா மூன்று வீடு மாறியும் அவளோடு வந்துகொண்டுதான் இருந்தது. எப்படி ஆரம்பிப்பது. பிலோ, ஒரு விஷயம். இல்லை. பிலோ, அன்னைக்கு எக்சிபிஷன்ல. இல்லை. வயசு பத்தொன்பதுடி அப்ப. அது எதற்கு, அவளுக்கும்தான் பத்தொன்பது. இன்னும் அரை மணி இருக்கிறது, அரை மணி என்றால் ஜெபமாலையின் அரை மணி, பத்து நொடி, சத்தம் முறுகுகிறதே, நாடா இழுக்கிறதோ, அறுந்துவிட்டால், இந்தக் கணம் அறுந்துவிட்டால் நல்லது, ஐயோ அறுந்துவிடக் கூடாது.

கீச்சுக்குரல் நின்றது. அறையில் மின்விசிறியின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. திரையில் வேப்பமரம், தெரு, நிற்கும் பஸ். பிலோமினா கண்ணைத் திறந்தாள். விரல் ஏழாவது மணியில் இருந்தது. திரையைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள். "ஏழுலயே வந்துருச்சு" என்றாள். பிறகு லேசாகச் சிரித்து, "நான்தான் வேகமாச் சொல்லிட்டேன்போல. வயசாயிருச்சு பாரு, அதுலயும் தப்பு" என்றாள். துளசிமணி வாயைத் திறந்தாள், ஆனால் அதற்குள் பிலோமினா பொத்தானை அமுக்கிவிட்டாள், பஸ் கிளம்பிவிட்டது. பறந்தது. முதல் ஸ்டாப்பில் பிரின்சிபால், இரண்டில் முத்தண்ணன், மூன்றாவதில் தலையில் கூடையோடு அந்தச் சின்னக் கறுப்பு உருவம் ஓடிவந்து ஏறியது. பிலோமினா பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். பஸ் அம்மாவோடு அப்படியே நின்றது. "கூடை எவ்வளவு பெருசா வெச்சிருக்கேன் பாரு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அம்மா பாத்துட்டுத் திட்டுனாங்க. இவ்வளவு பெரிய கூடை தூக்குனா கழுத்து என்னாகுறதுன்னு."

"நீ தப்பாச் சொல்லலை, பிலோ" என்றாள் துளசிமணி. "சரியாத்தான் சொன்னே. இது அஞ்சுல ஓடலை. ஏழுல ஓடுது. எக்சிபிஷனுக்கு மொத நாள் சாயங்காலம் நான் மாத்துனேன், உனக்குத் தெரியாம. இந்த டேப்பு அதுல பதிஞ்சது. அதுலதான் சிப்பு கருகுச்சு. நீ மூஞ்சி கழுவப் போனப்ப ஏழைக் கழட்டி அஞ்சை மாட்டிட்டேன்." சொல்லி முடிக்க ஒரு மணி ஜெபம் சொல்லுகிற நேரம்கூட ஆகவில்லை. பிலோமினா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தேங்காய்க்காரர் கூவிக்கொண்டு போனார், குரல் தெருமுனை திரும்பி மங்கியது. "அப்ப என்ற சால்டரிங் இல்லை" என்றாள். "இல்லை." "ஒரு காலு ஒட்டாம விட்டுட்டேன்னு நெனச்சேன். இல்லைன்னா ஈயம் ஒழுகிப் பக்கத்துக் காலைத் தொட்டுருச்சுன்னு. எந்தக் காலு, எந்தக் காலுன்னு." "உங்கப்பா உன்னை அந்த வேலைக்கு" என்று துளசிமணி தொடங்கினாள். "அப்பா போகச் சொன்னாருடி. அந்த டிவி கம்பெனிக்காரர் ரெண்டு லெட்டர் போட்டார். சித்தப்பாவே பஸ்ஸேத்தி விடறேன்னார். நான்தான் போகலை. எப்படிப் போறது, அடுத்தவங்க சாமானைத் தொடற கையா இது. வீட்டுல மிக்ஸி வயரு அந்துட்டாக்கூட நான் தொடமாட்டேன், துளசி. இவரு சிரிப்பாரு, டிப்ளமாக்காரியாமான்னு." சொல்லும்போது குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் துளசிமணி அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். முப்பத்தேழு வருஷமும் அவள் பயந்தது பிலோமினா வாங்கிய திட்டுக்காக. திட்டே இல்லையாம். யாருமே திட்டவில்லையாம்.

"இதைத் திருப்பு" என்றாள் பிலோமினா. "கரண்டு இருக்குதே." "நிறுத்து." "நிறுத்துனா எல்லாம் போயிரும், பிலோ. நாடா பழசு, இன்னொருக்கா ஓடுமான்னு சொல்ல முடியாது. அம்மா." பிலோமினா திரையை ஒருதரம் பார்த்தாள், கூடையோடு நின்ற அந்த அறுபத்துநாலு புள்ளியைப் பார்த்தாள், கையை நீட்டித் தானே வயரைப் பிடுங்கினாள். தெரு, மரம், பஸ் எல்லாம் ஒரு வெள்ளைப் பொட்டாகச் சுருங்கி அணைந்தன. பைக்குள் துழாவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பச்சைப் பலகையை இரு கையாலும் தூக்கிக் கவிழ்த்து, நாற்காலியோடு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நாற்பது கால், இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது. சாக்கெட்டில் சிப்பை மாற்றிச் செருகியபோது துளசிமணி அவற்றில் ஒன்றைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. பிலோமினா சுண்டுவிரல் நகத்தால் முதல் காலைத் தொட்டாள், லேசாக அழுத்திப் பார்த்தாள், அடுத்ததற்குப் போனாள். துளசிமணி எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்க நினைத்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை வாய்க்குள் பெரிதாக, கூழாங்கல் மாதிரிக் கிடந்தது, அதைத் துப்புவதற்கு இது இடமில்லை என்று தெரிந்தது, பிலோமினா அவளை மறந்துவிட்டிருந்தாள். ஒவ்வொரு காலிலும் ஈயம் சின்னச் சின்னக் கோபுரமாக, மழமழவென்று, வெளிச்சம் பட்டால் இன்னும் மினுங்கிக்கொண்டு. இருபதாவது காலில் நகம் நின்றது. "நல்லாத்தானே வெச்சிருக்கேன்" என்றாள் பிலோமினா, யாரிடமும் இல்லை, பலகையை வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் சாய்த்து அடுத்த வரிசையின் முதல் காலைத் தொட்டுக்கொண்டே.